தரையை உயர்த்துவதற்கு முன்: தாமான் வீடுகளும் மழைநீரும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் மழை ஒன்று வலுத்துப் பெய்து ஓய்ந்தால், அடுத்த வாரத்துக்குள் எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், யாராவது ஒருவர் வீட்டு வாசலில் ஒரு லோரி மணலும் பத்துப் பதினைந்து மூட்டைச் சிமெண்டும் இறங்கியிருக்கும். கார் நிறுத்தும் இடத்தை நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ உயர்த்திவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாது என்று அவர் நம்புகிறார். அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் ஏறுகிறது. அவரும் தரையை உயர்த்துகிறார். நான்கைந்து ஆண்டுகளில் வரிசை முழுவதும் உயர்ந்து, சாலை மட்டும் பள்ளமாகக் கிடக்கிறது. பிறகு ஒரு நாள் தண்ணீர் முன்வாசலை விட்டுவிட்டு, குளியலறையின் தரைத் துவாரம் வழியாக மேலே வருகிறது. சிமெண்டு மூட்டைகள் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் வீட்டைத் தொல்லைப்படுத்துவது எந்தத் தண்ணீர், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போக முடியாமல் திரும்புகிறது என்று கண்டறிவதே அது. அந்த வேலைக்குப் பெரிதாகச் செலவில்லை. அதைச் செய்யாமல் விட்டதால்தான் எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் ஆயிரக்கணக்கான வெள்ளியை (ரிங்கிட்டை) தரையில் கொட்டியும் ஒவ்வொரு மழைக்கும் கதவோரம் கோணிச் சாக்கை அடுக்குகின்றன.

எங்கள் ஊர் தோட்டங்களால் உண்டான ஊர். பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பழைய பெயரையே பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இவ்வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான்; 1917இல் ஹென்றி ஃபொகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். ஒருபுறம் சிலாங்கூர் ஆறு, இன்னொரு புறம் ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள், கோல சிலாங்கூர்ப் பக்கம் போகப்போகக் கடலோரக் களிமண் தாழ்நிலம் என்று தண்ணீர் எங்களை நாலாபுறமும் சூழ்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் மரம் வளர்த்தவர்களுக்குத் தண்ணீரைக் கையாளத் தெரிந்திருந்தது. சரிவான ரப்பர்க் காடுகளில் வரிசைகளுக்கு இடையே குழிகளை வெட்டி, ஓடிவரும் மழைநீரையும் மேல்மண்ணையும் அவற்றில் பிடித்து வைத்தார்கள். வெறும் மண் தெரியாதபடி அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிட்டார்கள். தாழ்வான செம்பனைத் தோட்டங்களில் வயற்கால்வாய், சேகரக் கால்வாய், முதன்மைக் கால்வாய் என்று ஒன்றுக்குள் ஒன்று விழும்படி வெட்டி, ஆற்றோரத்தில் மதகு வைத்து, அலை ஏறும்போது மூடி இறங்கும்போது திறந்தார்கள். தண்ணீரை முழுவதும் வடித்துவிடுவதும் அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கடலோர மண் சிலவற்றில் நீர்மட்டம் அளவுக்கு மீறி இறங்கினால் மண் புளித்துப் பயிர் கெடும் என்பதால், கால்வாய்களில் தடுப்பு வைத்து வேண்டிய மட்டத்துக்கு நீரை நிறுத்தியும் வைத்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் முன்னால் ஓடிய திறந்த கால்வாயை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் தினமும் கூட்டித் தள்ளுவதற்கென்றே ஆள் இருந்தார். மழைக்காலத்துக்கு முன் வெளிக்கால்வாய்களை வெட்டிச் சீர்செய்யும் வேலையும் செக்குரோல் என்ற கூலிப் பதிவேட்டில் பெயர் போட்டுக் கூலி கொடுக்கப்பட்ட வேலைதான். அந்த ஏற்பாட்டின் மற்றக் கொடுமைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது, வீடு நமக்குச் சொந்தமானதே தவிர, கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆள் நம்முடன் வரவில்லை. அவருடைய வேலையை வீட்டுக்காரர், ஊராட்சி மன்றம் (நகராண்மைக் கழகம்), வடிகால் நீர்ப்பாசனத் துறை, வீடமைப்பு நிறுவனம் ஆகிய நான்கு தரப்பினரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாருடைய பங்கு எது என்பது பெரும்பாலான குடியிருப்பாளர்களுக்கு இன்றுவரை தெளிவாகச் சொல்லப்படவில்லை.

தாமான்களின் கால்வாய்கள் எந்த எண்ணத்தில் கட்டப்பட்டன என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறை 1932இல் தொடங்கப்பட்டது. 1971ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1972இல்தான் வெள்ளத் தணிப்பு அதன் பொறுப்பாயிற்று. 1975இல் அத்துறை வெளியிட்ட நகர வடிகால் வழிகாட்டியின் அடிப்படை எளிமையானது: மழைநீரை எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகச் சிமெண்டுக் கால்வாயில் ஏற்றி ஆற்றில் கொண்டு சேர்ப்பது. மேலே இருப்பவர் விரைவாகத் தள்ளினால் கீழே இருப்பவரிடம் அது ஒரே நேரத்தில் வந்து குவியும் என்பது அனுபவத்தில் தெரிந்த பிறகு, எம்எஸ்எம்ஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வடிகால் கையேடு உருவாகி 2001இல் நடைமுறைக்கு வந்தது. 2012இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மழைநீரை விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்த வேண்டும், ஒரு நிலத்தில் வீடு கட்டிய பிறகு அதிலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம் கட்டுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமாகக் கூடாது என்பவை அக்கையேட்டின் உயிர்நாடி. ஆகவே உங்கள் தாமான் 2001க்கு முன் கட்டப்பட்டதா பின் கட்டப்பட்டதா என்பது சாதாரணக் கேள்வியன்று. முன் கட்டப்பட்டதென்றால், மேலே புதிதாக எழும்பும் ஒவ்வொரு கூரையின் நீரும் அந்தப் பழைய கணக்கில் கட்டிய கால்வாயில்தான் வந்து விழுகிறது. பின் கட்டப்பட்டதென்றால், தாமானில் எங்கோ ஒரு மூலையில் வேலி போட்ட தடுப்புக் குளமோ நிலத்தடித் தொட்டியோ இருக்க வேண்டும். அது தூர்ந்து லாலான் புல் மண்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நல்லது.

புதிய தாமான்களில் சாலையோரக் கால்வாய்கள் தனி வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் 5 ஆண்டு மழை, வரிசை வீடுகளுக்கு 10 ஆண்டு மழை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்தாண்டு மழை என்றால் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துவிட்டு மீதி ஒன்பது ஆண்டுகள் வராத மழை என்று பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் அம்மழை வருவதற்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு என்றே பொருள். கணக்கிட்டுப் பார்த்தால், பத்தாண்டுகள் அந்த வீட்டில் வாழ்பவர் அப்படிப்பட்ட மழையை ஒருமுறையாவது சந்திப்பதற்கு நூற்றுக்கு 65 வாய்ப்பு இருக்கிறது. கால்வாய் சுத்தமாக இருந்தாலும், எந்தக் குறையுமின்றிக் கட்டப்பட்டிருந்தாலும், சில மழைகளில் அது நிரம்பி வழியும். அந்த வழியும் நீர் சாலை வழியாக ஓட வேண்டும், வீடுகளின் வழியாக ஓடக் கூடாது என்பதற்காகத்தான் வீட்டுத் தரை சாலையைவிட உயரமாக வைக்கப்படுகிறது. வாசலுக்கு ஏறுவதற்கு வசதியாகச் சாலையோரத்தில் சிமெண்டு மேடு கட்டுபவர்கள் அந்த அவசர வழியையே அடைக்கிறார்கள்.

அளவைக் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் பதியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதை ஜேபிஎஸ் மிகக் கனத்த மழை என்று வகைப்படுத்துகிறது. பிற்பகல் இடிமழையில் அது அரிதானதன்று. நம் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் 22க்கு 75 அடி வரிசை வீட்டு மனை ஏறத்தாழ 153 சதுர மீட்டர். முன்பக்கம் கார் நிறுத்த ஓடு பதித்து, பின்பக்கம் சமையலறையை எல்லைவரை இழுத்து, மனை முழுவதையும் மூடிவிட்ட வீட்டில், அந்த மழை ஒரு மணி நேரம் பெய்தால் சுமார் 9,200 லிட்டர் நீர் இறங்கும். 200 லிட்டர் எண்ணெய்த் தோம்பு 46 நிறையும் அளவு அது. இருபது வீடுகள் உள்ள வரிசையில் அது 1,84,000 லிட்டர். முன்னால் ஒரு துண்டுப் புல்தரையும் பின்னால் நாலு வாழை நின்ற மண்ணும் இருந்த காலத்தில், அதில் ஒரு பகுதியை நிலம் குடித்தது. மீதியும் புல்லில் தடுக்கித் தாமதமாகத்தான் கால்வாய்க்குப் போனது. இப்போது கிட்டத்தட்ட முழுவதும் சில நிமிடங்களில் போய்ச் சேர்கிறது. கால்வாய் மட்டும் பழைய கால்வாய்தான்.

எந்தத் தண்ணீர் என்று கண்டறிவதற்கு நேரமே நல்ல சாட்சி. மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே தண்ணீர் தேங்கினால், அது பெரும்பாலும் உங்கள் சொந்தக் கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் வந்தது. வெளிக்கால்வாய் அதற்குள் நிரம்பியிருக்காது. அரை மணி, முக்கால் மணி கழித்து, மழை குறையத் தொடங்கும் வேளையில் வெளியிலிருந்து ஏறி வந்தால், அது கால்வாய் நிரம்பித் திரும்பிய நீர். மழை நின்று பல மணி நேரம் ஆன பிறகோ மறுநாளோ சுவரடியில் ஈரம் கசிந்து ஓட்டு இடுக்குகளில் நீர் அரும்பினால், அது மேட்டு நிலத்திலிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் நீர். இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குக் கூரையோரக் கட்டரையும் தரைச் சரிவையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு வெளியே நடந்து கால்வாயின் கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்குத் தரைக்கு மேலே எவ்வளவு சிமெண்டு பூசினாலும் பயனில்லை, மண்ணுக்கடியில் நீர் போக வழி வெட்ட வேண்டும். எனவே அடுத்த மழையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காராமல், இடி இல்லாத வேளை பார்த்துக் குடையும் கைப்பேசியுமாக வெளியே நின்று, தண்ணீர் முதலில் தோன்றும் இடத்தையும் நேரத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஓடுகிற நீரில் கைவிடுவதும் அதற்குள் இறங்குவதும் வேண்டாம்.

மழை இல்லாத நாளில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைக் கலந்து, கூரை நீர் இறங்கும் குழாயடியில் ஊற்றுங்கள். அந்த மஞ்சள் நீர் எந்தக் கால்வாயில், எவ்வளவு நேரத்தில், எந்தப் பக்கமாக வெளிப்படுகிறது என்று பார்த்தால், கட்டியவர் வரைபடத்தில் காட்டியதற்கும் உண்மையில் செய்ததற்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். நான் என் வீட்டில் ஊற்றியபோது, பின்சந்துக்குப் போக வேண்டிய நீர் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரடியில் போய் நின்றது. பல ஆண்டுகளாக அவர்கள் சுவரில் பூஞ்சை படர்ந்ததற்கு என் வீட்டுக் கூரைதான் காரணம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது, கொத்தனார்கள் கையாளும் நீர்மட்டக் குழாய். ஒளி ஊடுருவும் நெகிழிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கால்வாயின் தொடக்கத்திலும் மறுமுனையைக் கடைசியிலும் பிடித்தால், இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து கால்வாயின் அடித்தளம் வரை இரண்டு இடங்களிலும் அளந்தால் கால்வாய் எந்தப் பக்கம் சரிகிறது என்பதில் சந்தேகம் மிஞ்சாது.

இந்த இரண்டாவது சோதனையில்தான் எங்கள் வட்டாரத்துப் பெருங்குறை வெளிப்படுகிறது. வீட்டைச் சுற்றியுள்ள சிறு கால்வாய்க்கு 200க்கு 1 சரிவு கொடுத்திருந்தால், 75 அடி நீளத்துக்கு மொத்த இறக்கம் ஏறத்தாழ நாலரை அங்குலம் மட்டுமே. வீட்டின் தூண்களும் சுவர்களும் கடினமான மண்வரை இறக்கப்பட்ட அடித்தூண்களின் மேல் நிற்கின்றன. ஆனால் சுற்றுத் திண்ணையும் கால்வாயும் கார் நிறுத்தும் தரையும் பெரும்பாலும் நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கின்றன. பழைய குட்டையை, சதுப்பை, செம்பனைக் கால்வாயை மூடிக் கட்டிய இடங்களில் அந்த நிரப்பு மண் ஆண்டுக்கு ஆண்டு அமிழ்கிறது. வீடு அசையாமல் நிற்க, சுற்றுத்தரை மட்டும் இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். சுவருக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் வெடிப்பு விழும். வெளிநோக்கிச் சரிந்திருந்த தரை சுவரை நோக்கித் திரும்பும். கால்வாயின் நடுப்பகுதி தொய்ந்து தண்ணீர் அங்கேயே நிற்கும். நாலரை அங்குலச் சரிவில் மூன்று அங்குலம் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வெடிப்பில் மழைநீர் இறங்கி உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு போக, குழி இன்னும் பெரிதாகும். இந்த நிலையில் மேலே ஓடு பதித்துத் தரையை உயர்த்துவது அமிழும் மண்ணின் மேல் மேலும் பாரம் ஏற்றுவதாகும். அது அமிழ்வதைத்தான் விரைவுபடுத்தும். செய்ய வேண்டியது, தொய்ந்த கால்வாய்ப் பகுதியை உடைத்து எடுத்து, கீழ் மண்ணை இறுக்கி, கடைசி முனையின் மட்டத்தை முதலில் நிச்சயித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிச் சரிவு கொடுத்துத் திரும்பக் கட்டுவது. வெடிப்பை விறைப்பான சிமெண்டால் அடைக்காமல், வளைந்து கொடுக்கும் பசையால் அடைப்பது. கட்டுமானக் குத்தகையாளரிடம் பேசும்போது, எத்தனை மூட்டைச் சிமெண்டு என்று கேட்பதற்கு முன் கடைசி முனையின் மட்டம் என்னவென்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சமையலறை நீட்டிப்பு. பிள்ளைகள் வளர்ந்து வீடு போதாமல் போகும்போது பின்பக்கத்தை இழுப்பது இயல்பான தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இழுப்பில் வீட்டின் பின்கால்வாய் தரைக்கு அடியில் போய்விடுகிறது, அல்லது நாலு அங்குலக் குழாயாகச் சுருங்கிவிடுகிறது. திறந்த கால்வாயில் மாட்டிய இலையையும் நெகிழிப் பையையும் கையால் எடுக்கலாம். குழாய்க்குள் மாட்டியதை எடுக்க முடியாது. சுண்டைக்காய்ச் செடியின் வேரும் சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தக் குழாயை இரண்டு மூன்று ஆண்டுகளில் அடைத்துவிடும். நீட்டிப்பு வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் பெர்மிட் வேண்டும் என்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் வைத்திருப்பதன் ஒரு காரணம், வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரி நீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும் என்பதுதான். ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குழாய் தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் மூடி எடுக்கக்கூடிய சிறு தொட்டி ஒன்றை, குழாயின் அடிமட்டத்தைவிட ஓர் அடி ஆழமாகக் கட்டிவிடுங்கள். மண்ணும் குப்பையும் அதில் படியும். மாதம் ஒருமுறை வாரி எடுத்தால் போதும்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கூரை நீரைக் கொண்டுபோக வேறு வழி கிடைக்காத சிலர், அதைக் கழிவறைக் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி அமைப்புகள். கழிவுநீர்க் குழாய் சிறியது, மழையைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. இப்படி இணைத்தால் அடுத்த மழையில் தாழ்வான வீட்டின் கழிவறையிலிருந்து என்ன மேலே வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அது அனுமதிக்கப்படாத இணைப்பு; யார் செய்திருந்தாலும் உடனே பிரித்துவிட வேண்டும்.

தண்ணீரைத் தாமதப்படுத்துவதற்கு வீட்டளவில் செய்யக்கூடியவை சில உண்டு. முன்வாசலில் கார்ச் சக்கரம் படும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சிமெண்டு போட்டு, நடுவில் புல்லையோ பொடிக்கல்லையோ விட்டு வைப்பது மிக எளியது. கூரை நீரைத் தொட்டியில் பிடிப்பதைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம் தேவை. 70 சதுர மீட்டர்க் கூரையில் 60 மில்லிமீட்டர் மழைக்கு 4,200 லிட்டர் இறங்கும். 1,000 லிட்டர்த் தொட்டி அதில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். அதுவும் மழைக்கு முன் தொட்டி காலியாக இருந்தால்தான். செடிக்கும் கார் கழுவவும் உதவுமென்று எப்போதும் நிரப்பியே வைத்திருக்கும் தொட்டியால் வெள்ளத்துக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள அந்தத் தொட்டியின் அடியில் 10 மில்லிமீட்டர் துளையிட்டு, கால்வாய்க்குள் ஒழுக விட்டால், நிறைந்த தொட்டி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தானே காலியாகும். அதற்குள் சாலைக் கால்வாயின் உச்ச ஓட்டம் கடந்துபோயிருக்கும். பெரிய கட்டடங்களுக்குக் கீழே கட்டப்படும் தடுப்புத் தொட்டிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. வீட்டுத் தொட்டியின் வாய்க்கு நெருக்கமான வலை கட்டாயம் வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். வீட்டு வளாகத்தில் கொசு உற்பத்திக்கு இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். தொய்ந்த கால்வாயில் நிற்கும் அரை அங்குல நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

களிமண் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு உறிஞ்சுகுழி வெட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அங்கே நிலத்தடி நீர் கிட்டத்தட்டக் கால்வாய் மட்டத்திலேயே இருக்கும். குழி வெட்டிய அன்றே அது நிரம்பிவிடும். மேட்டுப் பாங்கான செம்மண் நிலத்தில் அது பயன் தரும். சரிவின் அடியில் வீடு இருந்தால், சரிவின் தலைப்பில் குறுக்குக் கால்வாய் வெட்டி நீரைப் பக்கவாட்டில் திருப்புவதும், தாங்குசுவரில் உள்ள வடிதுளைகளை அடைக்காமல் வைத்திருப்பதும் கட்டாயமானவை. அசிங்கமாக ஒழுகுகிறதே என்று அத்துளைகளுக்குச் சிமெண்டு பூசுபவர், அழகு கருதிச் சுவரின் பின்னால் ஒரு குளத்தைத் தேக்குகிறார்.

கால்வாயிலிருந்து திரும்பி வரும் நீருக்கு, வெளியேறும் முனையில் ஒருவழி மடல் பொருத்துவது வழக்கம். நீர் வெளியே போகும்போது திறந்து, உள்ளே வரும்போது மூடிக்கொள்ளும் அந்த மடல் பயனுள்ளதுதான். ஆனால் அது மூடியிருக்கும் வேளையில் உங்கள் கூரை நீருக்கும் வெளியேற வழி இருக்காது. ஆகவே உள்ளே ஒரு தேக்குத் தொட்டியும் சிறு பம்ப்பும் இல்லாமல் மடல் மட்டும் வைத்தால், வெளி வெள்ளத்துக்குப் பதிலாக உங்கள் சொந்த வெள்ளத்தில் நிற்பீர்கள். ஆறே பெருகிவிட்டால் இவற்றில் எதுவும் போதாது. 2021 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கிப் போனதை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் சரியான செயல் ஆவணங்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு, மின்சாரத்தின் முதன்மை இணைப்பைத் துண்டித்துவிட்டு, நேரத்தோடு வெளியேறுவதுதான். ஜேபிஎஸ் நடத்தும் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று படிப்படியாகக் காணலாம். உங்கள் தாமானின் கால்வாய் விழும் ஆறு எதுவென்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அத்தகவல் உதவும்.

யாரிடம் போவது என்பதற்கு வருகிறேன். மனை எல்லைக்குள் உள்ள கால்வாய் வீட்டுக்காரருடையது. சாலையோரக் கால்வாயும் பின்சந்துக் கால்வாயும் ஊராட்சி மன்றத்தினுடையவை. தாமான் இன்னும் ஒப்படைக்கப்படாமல் இருந்தால் வீடமைப்பு நிறுவனத்தினுடையவை. கூட்டரசுச் சாலையோரம் என்றால் பொதுப்பணித் துறை, ஆறும் பெரும் வடிகாலும் என்றால் ஜேபிஎஸ். தாமானுக்கு வெளியே நீர் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் போய் விழுகிறதென்றால், தோட்ட நிர்வாகத்தையும் சேர்த்தே கடிதம் எழுத வேண்டும். எங்கள் தாமானின் அடைப்பு கடைசியில் அங்கேதான் இருந்தது, மடிந்து விழுந்த மட்டைகளுக்கு அடியில். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நாங்கள் வேறொரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். புகார் எழுதும்போது, மழை நின்ற பிறகு எடுத்த ஈரத் தரையின் படத்தால் பயன் குறைவு. மழையின்போது நேரம் தெரியும்படி எடுத்த படம், நீர் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்டும் சுவர்க்கோடு, பாதிக்கப்பட்ட எல்லா வீடுகளின் எண்கள் ஆகியவற்றை இணைத்து, தெருவே சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கி வையுங்கள்.

வீடு புதிதென்றால் காலக்கெடு முக்கியம். உரிமம் பெற்ற வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்கிய நிலத்தோடு கூடிய வீட்டுக்கு, சாவி பெற்றதிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. எழுத்து மூலம் தெரிவித்த 30 நாள்களுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தொய்ந்த கால்வாயும், சுவரை நோக்கித் திரும்பிய தரையும் இக்காலத்துக்குள் தெரிந்தால் அவற்றையும் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. பலனில்லாவிட்டால், வீடு வாங்குவோர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பதிவு செய்யலாம். பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். ஆகவே சாவி வாங்கிய முதல் மழையிலேயே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.

காப்புறுதியைப் பொறுத்தவரை, வங்கிக் கடனுக்காக எடுத்த சாதாரணத் தீக்காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யாது. வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் வெள்ளம் அடங்கும். ஆனால் நிலம் அமிழ்வதும் மண் சரிவதும் அதில் சேராது, தனியாகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன நிரப்பு மண்ணின் மேல் நிற்கும் வீடுகளுக்கு இந்த ஒரு வரி முக்கியமானது. பொலிசியை எடுத்து, அந்த இரண்டு சொற்களும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று இவ்வாரமே பாருங்கள்.